வெள்ளத்துக்கு முந்திய அமல்



மதீனாவில் ஒரு ஜும்ஆ நாள். நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கையில் ஒருவர் பள்ளிக்குள் நுழைந்தார். மழையின்றிக் கால்நடைகள் மடிகின்றன, பிரயாணப் பாதைகள் அற்றுப் போயின, எங்களுக்காக மழை வேண்டித் துஆச் செய்யுங்கள் என்று முறையிட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் அங்கேயே கையேந்தினார்கள். துண்டு மேகமும் இல்லாதிருந்த வானத்தில் மேகம் திரண்டு, அடுத்த ஜும்ஆ வரையில் மழை விடாமல் பெய்தது. அந்த ஜும்ஆவிலும் ஒருவர் எழுந்தார். வீடுகள் இடிகின்றன, பொருள்கள் அழிகின்றன, மழை நிற்கத் துஆச் செய்யுங்கள் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் மறுபடியும் கையேந்தி, மழை ஊரின் மேல் பெய்யாமல் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் பெய்யுமாறு இறைஞ்சினார்கள். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸை மழைத் தொழுகைக்கு மைதானத்தில் கூடும்போதெல்லாம் கேட்டிருக்கிறோம். அதில் முதல் ஜும்ஆ நமக்கு மனப்பாடம். இரண்டாவது ஜும்ஆவைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

மதுரைக்காரர்களாகிய நாம் பேசாததில் ஆச்சரியமில்லை. நமது ஊர் மழைக்கு ஏங்குகிற ஊர். வைகையில் தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர். வெள்ளமும் புயலும் கடற்கரை ஜனங்களுக்கு உரியவை என்று நாம் நினைத்திருந்தோம்.

2024-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஜும்ஆ முடிந்து வீடு திரும்பி, சோறு உண்டு சற்றே சாய்ந்திருந்த நேரம். பிற்பகல் 3 மணி வாக்கில் கொட்டிற்று. அன்று ஒரு பகலில் நகரில் பெய்த மழை ஏறத்தாழ 10 செ.மீ.; 1955-க்குப் பிறகு அக்டோபர் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு மழை மதுரைக்குப் பெய்ததில்லை என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். வடகரையில் மேற்புறத்துக் கண்மாய்கள் முன்பே நிரம்பியிருந்தன. செல்லூர்க் கண்மாய் நிறைந்து வழிந்து, பந்தல்குடி வாய்க்காலில் வந்த நீர், ஆகாயத் தாமரையும் குப்பையும் அடைத்த அந்த வாய்க்காலுக்குள் அடங்காமல் செல்லூர், நரிமேடு பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்தது. தல்லாகுளம், உலகனேரி என்று நமது பெரியவர்கள் இடங்களுக்கு வைத்த பெயர்களில் குளமும் ஏரியும் இன்னும் இருக்கின்றன. அந்தக் குளத்தையும் ஏரியையும் நாம் கட்டிடமாக்கி விட்டோம். தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்தபோது நமது வீட்டு வாசல்தான் அதன் வழியாக இருந்தது.

அன்று மாலை நமக்குத் தெரிந்த வாலிபர்கள் சிலர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வடகரையில் ஒரு தெருவில் வீடு வீடாகத் தட்டி மக்களை அழைத்து வந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. கடைசிச் சந்தில் ஒரு வீட்டில் விளக்கில்லை, தட்டியும் பதிலில்லை. காலி வீடு என்று திரும்பி விட்டார்கள். இஷாவுக்குப் பிறகு, பக்கத்து வீட்டில் குடியிருந்த இந்துச் சகோதரி ஒருவர், தாமும் வீட்டை விட்டு வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர், “அந்த பாய் வீட்டுப் பொண்ணு வந்துருச்சா?” என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

கணவர் மவுத்தாகி இரண்டு மாதம். இத்தாவில் இருந்தாள். இரண்டு பிள்ளைகளைக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்நிய ஆண்களின் குரல் கேட்டதால் பதில் கொடுக்கவில்லை. இத்தா முடியுமுன் வாசல் தாண்டினால் பெரும் பாவம் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வீடு இடியும் நிலையில், வெள்ளம் புகும் நிலையில் என்ன செய்வதென்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் கட்டில் சட்டத்தின் மட்டத்தோடு நின்றுவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான், நாம் காப்பாற்றவில்லை.

மஸ்அலாவை இங்கேயே சொல்லி விடுவோம். இத்தாவிலிருக்கும் பெண் தன் உயிருக்கோ மானத்துக்கோ பொருளுக்கோ ஆபத்தை அஞ்சினால், வீடு இடியுமென்றோ வெள்ளம் புகுமென்றோ பயந்தால், பத்திரமான வேறு இடத்துக்குப் போவது கூடும். மீதி நாட்களை அங்கே கழிப்பாள். ஹனபி, ஷாஃபி ஆகிய இரண்டு மத்ஹபின் கிதாபுகளும் இதைச் சொல்கின்றன. இதை வீட்டில் உள்ள பெண்களுக்கு இன்று இரவே வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த நாள் மஹல்லாச் சந்தாப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். அந்த வீடு அதில் இல்லை. கணவர் மேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், வாடகைக்குக் குடியிருந்தவர், சந்தா எழுதியவரல்ல. சந்தாப் புத்தகம் நமக்குத் தருகிறவர்களின் பட்டியல். நாம் யாருக்குத் தர வேண்டியிருக்கும் என்ற பட்டியல் நம்மிடம் இல்லவே இல்லை.

ஹிஜ்ரி 18-ம் ஆண்டை வரலாற்றாசிரியர்கள் சாம்பல் ஆண்டு என்று எழுதுகிறார்கள். ஹிஜாஸில் மாதக் கணக்கில் மழையின்றி மண் சாம்பலாய்ப் பறந்தது. பாலைவனத்து ஜனங்கள் கூட்டங் கூட்டமாக மதீனாவுக்கு வந்தார்கள். அமீருல் மூமினீன் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குக் கடிதம் எழுதி உணவு வரவழைத்ததையும், மக்கள் நெய் உண்ணும் வரையில் தாம் நெய் உண்பதில்லை என்று எண்ணெயையே உண்டு, அவர்களுடைய திருமேனி நிறம் மாறியதையும் நமது உலமாக்கள் கண்ணீரோடு பயான் செய்வார்கள். அதே வரலாற்றில் இன்னொரு செய்தி உண்டு. அதில் கண்ணீர் இல்லாததால் மேடையில் வருவதில்லை. அவர்கள் மதீனாவின் எல்லைகளில் ஆட்களை நியமித்து, வந்தவர்களைப் பற்றி மாலைதோறும் தகவல் கேட்டார்கள். தம்முடைய விரிப்பில் வந்து உண்கிறவர்களை எண்ணச் சொன்னார்கள். பிறகு வர முடியாமல் கூடாரங்களில் கிடந்த நோயாளிகளையும் பெண்களையும் பிள்ளைகளையும் தனியாக எண்ணச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது வர முடியாதவர்களே பல மடங்கு இருந்தார்கள். அவர்களுக்கு இருப்பிடத்துக்கே உணவு போயிற்று. மழை பெய்ததும் வழிச்செலவும் வாகனமும் கொடுத்து ஊர் திருப்பினார்கள். அவ்வாண்டின் ஜகாத் வசூலையும் நிறுத்தி வைத்தார்கள்.

வந்து நிற்கிறவருக்குக் கொடுப்பது சுலபம். வர முடியாதவரை எண்ணுவதற்கு முன்கூட்டியே ஏடு வேண்டும்.

இப்படிச் சொன்னால், எல்லாம் நஸீபின்படி நடக்கும், நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்பார்கள். கேள்வி பழையது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் தவக்குல் வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நபி நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியது தண்ணீர் வந்த பிறகல்ல. உலர்ந்த மண்ணில், ஊரார் பரிகசிக்க, பலகை பலகையாகக் கட்டினார்கள். நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாறோ இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைந்ததைக் கதிரோடு சேமித்து, உண்பதற்கு வேண்டிய கொஞ்சத்தை மட்டும் எடுத்து, பின்வந்த ஏழு வறண்ட ஆண்டுகளைக் கடக்கச் செய்தார்கள். களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு அரசனைக் கேட்டபோது இரண்டு தகுதிகளை அவர்கள் எடுத்துச் சொன்னதாகத் திருமறை கூறுகிறது: பாதுகாப்பவர் என்பது ஒன்று, விபரம் அறிந்தவர் என்பது மற்றொன்று. நமது ஜமாஅத்துகளில் நாணயமான பெரியவர்கள் நிறைய. அவர்களோடு, எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருக்கிறார் என்ற விபரம் தெரிந்த இளைஞர்களும் நிர்வாகத்தில் உட்கார வேண்டும். யூசுப் (அலை) அவர்கள் காப்பாற்றியது தம்மைச் சிறையில் வைத்த நாட்டு ஜனங்களை, தம் மார்க்கத்தைச் சேராத ஜனங்களை என்பதையும் இந்த இடத்தில் நினைவு கொள்ள வேண்டும்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்பதல்ல. ரமழானில் நமது பள்ளிகளில் தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். பெரிய அண்டாக்கள், அடுப்பு, காய்ச்சத் தெரிந்தவர், வரிசையில் ஊற்றிக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைகள், எல்லாம் நம்மிடம் தயார். ஒலிபெருக்கி இருக்கிறது. மய்யித்துக்குக் கஃபன் துணியும் சந்தூக்கும் இருக்கின்றன. மாடிப் பள்ளி இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் பேரிடர் வரும் நாளில் முதல் நான்கு மணி நேரம் யாரைக் கேட்பது, எங்கே தொடங்குவது என்று கழிந்து விடுகிறது.

முன்னேற்பாடு உள்ள ஜமாஅத் எப்படி இருக்கும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை அடித்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் செய்ததை அந்தக் கரை இன்றும் பேசுகிறது. கல்யாணத்துக்குச் சமைத்த சோறு மீனவக் குடும்பங்களுக்குப் போயிற்று; மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் திறந்து விடப்பட்டன; இளைஞர்கள் உடல்களை மீட்டார்கள். சமைத்தவர்களும் முஸ்லிம்கள், உண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்து மீனவர்கள். திடீரென்று பிறந்த ஒழுங்கல்ல அது. ஊர் முழுவதும் ஒரே ஜமாஅத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வருடக் கணக்கில் பழகியிருந்ததால் அன்று காலை யாரும் யாருக்கும் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கவளப்பாறையில் மலை சரிந்து வீடுகளை மூடியபோது, மருத்துவமனை தொலைவில் இருந்ததால், போத்துகல்லு என்ற இடத்துப் பள்ளிவாசல் தன் தொழுகைக் கூடத்தையே பிரேதப் பரிசோதனைக்குக் கொடுத்தது. மதம் பார்க்காமல் எல்லா உடல்களும் அங்கே வைக்கப்பட்டன.

அதே ஆழிப்பேரலையில் இன்னொரு காட்சியும் உண்டு. நாகப்பட்டினம் சாலையோரங்களில் மலை மலையாகப் பழைய துணிகள் கிடந்தன. நாடெங்கிலுமிருந்து அன்போடு அனுப்பியவைதான்; அந்த ஜனங்களுக்கு உடுத்த உதவாதவை, மாடுகள் மிதித்தவை. ஒரே குப்பத்துக்குப் பத்து லாரி போக, அடுத்த குப்பத்துக்கு ஒன்றும் போகவில்லை. அதைக் கண்டுதான் தொண்டு நிறுவனங்கள் ஒரு வாரத்துக்குள் நாகை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்து, எந்த ஊருக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதி வைக்கத் தொடங்கின. இந்த வேலை வெளியே தெரியாது. ஆனால் அதற்குப் பிறகுதான் லாரிகள் சரியான ஊர்களுக்குப் போயின.

பிறரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று. மதுரைக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அதிகம்! திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று விட, ஏறத்தாழ 500 பிரயாணிகள் இரண்டு நாள் சிக்கிக் கிடந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்துக் கிராமத்தார்தான் தங்களிடம் இருந்த அரிசியைச் சமைத்துப் போட்டார்கள். செய்தி கேட்டதும் நாமும் ஒரு வேன் பிடித்தோம். விடிய விடியச் சமைத்து பிரியாணிப் பொட்டலங்கள் கட்டினோம், ரொட்டி ஏற்றினோம், வண்டியின் முகப்பில் பேனரும் கட்டினோம். யாருக்கும் போன் செய்யவில்லை. பாதை பல இடங்களில் அறுந்திருந்தது. சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் அந்திப் பொழுதாகி விட்டது. பொட்டலங்களைப் பிரித்தபோது வாடை வந்தது. குழி தோண்டிப் புதைத்தோம். பேனர் மட்டும் நன்றாக இருந்தது.

அங்கே ஒரு தாய், “சோறு எப்படியாவது கிடைச்சிரும் அத்தா, காய்ஞ்ச துணியும் தீப்பெட்டியும் கொண்டு வந்தீங்களா? பெண்பிள்ளைகளுக்கு மாதாந்தரத் துணி இருக்கா?” என்று தலை குனிந்தபடி கேட்டார். வேன் நிறைய ஆண்கள்; ஒருவரும் அதை நினைத்திருக்கவில்லை. அந்த வெட்கத்தோடு ஊர் திரும்பி, அந்த ஊர் ஜமாஅத்தாரிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டு மறுமுறை போனோம். எழுதிய சாமான்கள் இவை: குடிநீர், குளோரின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டு, பால் மாவு, போர்வை, புது உள்ளாடை, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, துடைப்பம், பினாயில், மண்வெட்டி. வீட்டுக்குள் அரை அடிச் சேறு கிடக்கையில் மண்வெட்டியின் அருமை தெரியும்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல எண்ணத்தோடு தவறு நடக்கிற இடம் இதுதான்.

ஜகாத் வேறு, ஸதக்கா வேறு, வக்ஃபு வேறு. மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு எடுத்துச் செலவழிப்பது ஜகாத் கொடுத்தவரின் கடமையையே தொங்கலில் விடும். ஜகாத் திருமறை வகுத்த எட்டு வகையினருக்கு உரியது; நமது மத்ஹபுகளில் அது முஸ்லிம் ஏழைக்கே சேர வேண்டும், ஹனபி மத்ஹபில் அவர் கைக்கு உடைமையாக்கியும் தர வேண்டும். எனவே ஜகாத் பணத்தில் ஜமாஅத்துக்கு ஜெனரேட்டர் வாங்குவதோ, நீர் இறைக்கும் மோட்டார் வாங்குவதோ, எல்லாருக்குமான கஞ்சி காய்ச்சுவதோ கூடாது. ஆனால் வெள்ளத்தில் தையல் மெஷினை இழந்த ஏழைச் சகோதரிக்கு மெஷின் வாங்கி அவர் கையில் கொடுக்கலாம். தள்ளுவண்டி போனவருக்குத் தள்ளுவண்டி வாங்கிக் கொடுக்கலாம். ஸதக்காவுக்கு இந்தக் கட்டு இல்லை. அதைப் பக்கத்து வீட்டு முருகனுக்கும் அந்தோணிக்கும் தாராளமாகத் தரலாம், மோட்டாரும் வாங்கலாம். வக்ஃபு சொத்தின் வருமானமோ வக்ஃபு செய்தவர் சொன்ன காரியத்துக்கே உரியது. முத்தவல்லிக்கு இரக்கம் வந்து விட்டது என்பதற்காகப் பாதை மாற்ற முடியாது. ஆகவே பேரிடருக்கென்று தனி ஸதக்காக் கணக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு முன்பே, வங்கியில் தனியாக இருக்க வேண்டும். மாதம் பத்து ரூபாய் போட்டாலும் போதும்.

வருடம் நிறையவில்லையே என்று ஜகாத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறவர்கள் உண்டு. நிஸாப் உடையவர் வருடம் முடியுமுன்பே ஜகாத்தைக் கொடுப்பது கூடும். ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்கள் முன்கூட்டிக் கொடுக்க அனுமதி கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். முஸீபத் நேரத்தில் இந்தச் சலுகை பெரிய ரஹ்மத்.

வளைகுடாவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உள்ள நமது பிள்ளைகள் செய்தி கேட்டவுடன் பணம் அனுப்பத் துடிப்பார்கள். இந்தியப் பிரஜையாக இருப்பவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரும், அங்குள்ள சங்கங்களும் அனுப்புவது 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். அதற்கான பதிவில்லாத ஜமாஅத் அதை வாங்கக் கூடாது. வெள்ளம் வடிந்த பிறகு வழக்கோடு அலைய நேரும். பில், ரசீது, கையெழுத்து இவை எல்லாம் அமானிதத்தின் பகுதி. வந்தது இவ்வளவு, சென்றது இவ்வளவு என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி விடுங்கள். வாங்குகிறவரைப் பொட்டலத்தோடு நிறுத்திப் போட்டோ எடுப்பதை மட்டும் விட்டு விடுங்கள். நேற்று வரை கொடுத்துக் கொண்டிருந்த மனிதர் அவர்.

கஞ்சியைப் பற்றி ஒரு சிறு யோசனை. முஸீபத் நாட்களில் கறி போடாமல் காய்ச்சுவது நல்லது. பக்கத்துத் தெருவில் சைவம் உண்கிறவரும் தயக்கமின்றி வாங்கிக் குடிப்பார், பிள்ளைகளுக்கும் நோயாளிக்கும் வயிறு தாங்கும். அஷ்அரி கோத்திரத்தார் உணவு குறைந்தால் எல்லாரிடமும் இருப்பதை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள் என்றும், அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். காஜிமார் தெரு, நெல்பேட்டை, மகபூப்பாளையம், கோரிப்பாளையம் என்று இருக்கும் நமது மஹல்லாக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அண்டா வைக்காமல், எந்தப் பள்ளி சமைக்கும், எந்தப் பள்ளி மேட்டில் இருப்பதால் மக்களைத் தங்க வைக்கும், எந்த மஹல்லாவில் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று முன்பே பேசி வைத்தால் அதுதான் அந்தத் துணி.

வைகை அணை நமக்கு அவகாசம் தருகிற அணை. 71 அடி உயரத்தில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. கரையோர ஐந்து மாவட்டங்களுக்கும் அறிவிப்பார்கள். இந்த எண்களை மோதினாரின் அறையில் எழுதி ஒட்டி வையுங்கள். முதல் எச்சரிக்கை வந்த அன்றே சோழவந்தானிலிருந்து நகர் வரையில் கரையோரப் பள்ளிகளில் ஒலிபெருக்கியில் சொல்லலாம். கடும் மழையில் வீட்டிலேயே தொழுது கொள்ளுமாறு பாங்கோடு அறிவிக்கச் செய்தது ஸுன்னத்தில் உள்ளதுதானே? மின்சாரம் போனாலும் ஓடும்படி ஒலிபெருக்கிக்கு பாட்டரி இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108. ஆனால் அக்டோபர் 25-ந் தேதியில் வந்தது வைகையின் வெள்ளமல்ல, வாய்க்காலின் வெள்ளம் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு எந்த எச்சரிக்கை எண்ணும் கிடையாது. புரட்டாசியிலேயே நமது தெரு வாய்க்காலில் இறங்கிப் பார்ப்பதும், அடைப்பை மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக் கொள்வதும்தான் வழி. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நாமோ கோழி இறகை அதே வாய்க்காலில் கொட்டுகிறோம்.

மய்யித்துகள் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளத்தில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின் அந்தஸ்தைப் பெறுவார் என்பது நற்செய்தி. எனினும் அவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுகை நடத்தியே அடக்க வேண்டும். பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவி விடும் என்ற பீதி பெரும்பாலும் ஆதாரமற்றது. ஆகையால் அவசரத்தில் அடையாளம் தெரியாமல் புதைத்து விடாதீர்கள். போட்டோ, உடை, மச்சம், கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதிக் காவல் துறையிடம் கொடுத்த பிறகே மற்றது. ஆழிப்பேரலையில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டவர்களின் வீடுகளில், மவுத்தானாரா இல்லையா என்றே தெரியாமல் எத்தனை தாய்மார்கள் காத்திருந்தார்கள்!

உயிரோடிருப்பவர்களுக்குத் தண்ணீர் வடிந்த பிறகும் ஆபத்து உண்டு. வெள்ள நீரில் நடந்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் அது எலிக் காய்ச்சலாக இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் என்று இருந்து விடாமல் டாக்டரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். நிக்காஹ் தஃப்தர் கீழ் அலமாரியில் இருக்கிறதா என்று உங்கள் பள்ளியில் பாருங்கள். ஒரு தலைமுறையின் திருமணங்களுக்கு அதுவே சாட்சி. பிளாஸ்டிக் உறையிட்டு மேலே ஏற்றி வையுங்கள். நனைந்து ஓதவே முடியாமல் போன குர்ஆன் பிரதிகளைச் சுத்தமான துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைக்கலாம்.

அந்த அக்டோபருக்குப் பிறகு நமது மஹல்லாவில் ஓர் ஏடு தொடங்கினோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும், மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஆலிமா ஒருவரும் வீடு வீடாகப் போகிறார்கள். பெண்கள் போனால்தான் உள்ளே இருப்பது தெரிகிறது. சொந்த வீடா வாடகையா, படுக்கையில் யார், கர்ப்பிணி யார், இத்தாவில் யார், டயாலிசிஸ் யாருக்கு, மாடி உள்ள வீடு எது என்று எழுதுகிறார்கள். மாற்று மதச் சகோதரர்களின் வீடுகளிலும் கேட்கிறார்கள். எதற்கு இந்தக் கணக்கு என்று முதலில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. காரணம் கேட்டதும் தங்கள் வீட்டு மாடியைத் தருவதாகச் சொன்னார்கள். ஏட்டைப் பூட்டி வைத்து, இருவர் மட்டுமே பார்க்கும்படி செய்திருக்கிறோம். இன்னும் மூன்று சந்துகள் பாக்கி.

இன்னொன்றும் செய்தோம். அந்த வெள்ளிக்கிழமை இரவு பள்ளியின் சமையல் கூடம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அண்டாக்கள் உள்ளே, ஜனங்கள் வெளியே. சுபுஹுக்குப் பிறகுதான் கஞ்சி காய்ந்தது. இப்போது சாவி மூன்று இருக்கிறது. ஒன்று முத்தவல்லியிடம், ஒன்று மோதினாரிடம். மூன்றாவது, பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம். அவர் விடியற்காலை 4 மணிக்கெல்லாம் கடை திறந்து விடுவார்.